டென்ட்டில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை: ஸ்டார்லிங்க் மினிக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும்?

லாஸ்பேட்டைவாசி எழுதியது:

வணக்கம் மக்களே. ஜூலையில் பிரான்ஸ் போகிறேன். அம்மா வழியில் சொல்தா குடும்பம் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்), பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது, அதனால் விசா பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம், என் கேள்வி கரன்ட் பற்றியது. தூலூஸில் அக்கா வீடு. மாமாவிடம் ஒரு வேன் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு செவென் மலைப்பக்கம், அப்புறம் பிரனீஸ் என்று மூன்று வாரம் டென்ட் போட்டுச் சுற்றுவதாகத் திட்டம். எனக்கு லீவு கிடையாது. சென்னை கம்பெனி, நம்ம நேரம் காலை 10 முதல் மாலை 7 வரை லாகினில் இருக்க வேண்டும். கோடையில் அங்கே மூன்றரை மணி நேரம் பின்னால் என்பதால் காலை 6.30க்கு உட்கார்ந்தால் பிற்பகல் 3.30க்கு மூடிவைத்துவிட்டு ஊர் சுற்றலாம் என்பதுதான் ஆசை. பள்ளத்தாக்குகளில் போன் சிக்னலை நம்ப முடியாது என்று மாமா சாட்டிலைட் வழியாக நெட் தரும் ஸ்டார்லிங்க் மினி டிஷ் வாங்கி வைத்துவிட்டார்.

என்னிடம் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் இரண்டு இருக்கிறது. போனை நாலைந்து தடவை சார்ஜ் போடுகிறதே, டிஷ்ஷையும் லேப்டாப்பையும் ஒரு நாள் ஓட்டாதா? ஓட்டாது என்றால் இங்கேயே ஒரு பவர் ஸ்டேஷன், அதாவது பெட்டி மாதிரி வரும் பெரிய பேட்டரி, வாங்கிக்கொண்டு போகலாமா? சோலார் பேனல் ஒன்று போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார் மாமா. இன்னொன்று, திரும்பி வரும்போது அந்த டிஷ்ஷை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்றும் ஒரு யோசனை, ஐப்பசி கார்த்திகையில் நம்ம ஊர் நெட் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.


பாதிரிக்குப்பம் பேட்டரி எழுதியது:

தம்பி, கடலூரில் இன்வெர்ட்டர் பேட்டரி வேலைதான் எனக்குப் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் எம்ஏஎச் கணக்கை விடுங்கள். பவர் பேங்க் மேல் போட்டிருக்கும் 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. பெருக்கினால் 74 வாட்-அவர், அதாவது 74 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடும் அளவு. வெளியே ஏற்றிக் கொடுக்கும்போது கொஞ்சம் சூடாகவே போய்விடும், கைக்கு வருவது 60 சொச்சம். மினி டிஷ் வேலை செய்யும்போது சராசரியாக 25 முதல் 40 வாட் இழுக்கும் என்று கம்பெனியே போட்டிருக்கிறார்கள். 30 என்று வைத்தாலும் ஒரு பவர் பேங்க் இரண்டு மணி நேரம், அதுவும் லேப்டாப் இல்லாமல். போன் என்பது பாதி நேரம் தூங்குகிற சாமான், டிஷ் அப்படியில்லை. நீங்கள் மெயில் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது வானத்தில் ஓடுகிற சாட்டிலைட்டைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும், யாரும் எதுவும் டவுன்லோடு பண்ணாத நேரத்திலும் 15 வாட் பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

இப்போது உங்கள் ஷிப்டைப் போடுவோம். ஒன்பது மணி நேரம், டிஷ்ஷுக்கு 270 வாட்-அவர். லேப்டாப் சாதா ஆபீஸ் வேலைக்கு 35 வாட் என்று வைத்தால் 315. போன், சின்ன லைட் சேர்த்து மொத்தம் 600. மாற்றுகிற இடத்தில் எல்லாம் நஷ்டம் உண்டு, அதற்கு ஒரு பதினைந்து சதம் விட்டால் 700 வாட்-அவர் பேட்டரியில் இருந்தாக வேண்டும். ஆகவே ஒரு கிலோவாட்-அவர் அளவுள்ள பவர் ஸ்டேஷன் என்றால் ஒரு நாள் நிம்மதியாகப் போகும், மறுநாள் காலை சாப்பாட்டு நேரம் வரைகூட வரும். 500 வாட்-அவர் வாங்கினால் பிற்பகல் ஒரு மணிக்கே ஆளைத் தேடுவார்கள். வாங்கும்போது லித்தியம் அயன் பாஸ்பேட் செல் போட்டதாகப் பாருங்கள், எடை கூட இருந்தாலும் ஆயுள் நன்றாக இருக்கும்.

இங்கிருந்து கொண்டுபோக முடியாது. விமானத்தில் 100 வாட்-அவர் வரைதான் தாராளம், 160 வரை ஏர்லைன்ஸ் அனுமதி வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் பயணிகள் பெட்டியிலும் கிடையாது கையிலும் கிடையாது. உங்கள் பவர் பேங்க் இரண்டும் கைப்பையில் போகும், லக்கேஜில் போட்டால் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். பெரிய பேட்டரியை அங்கேயே வாங்குங்கள், அல்லது மாமாவை வாங்கச் சொல்லுங்கள், டிஷ் வாங்கியவர் இதற்கு மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்.


ஒயர்மேன்77 எழுதியது:

இவ்வளவு கணக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வேன் இருக்கிறது, வேனில் பேட்டரி இருக்கிறது. 300 வாட் கார் இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகுங்கள், டிஷ்ஷோடு வந்த அடாப்டரையும் லேப்டாப் சார்ஜரையும் அதில் மாட்டுங்கள், முடிந்தது கதை.


பாதிரிக்குப்பம் பேட்டரி எழுதியது:

கதை முடியும், பேட்டரியின் கதையும் சேர்ந்து முடியும் என்பதுதான் பிரச்சினை. வேன் பேட்டரி 12 வோல்ட் 70 ஆம்பியர்-அவர் என்று வைத்துக்கொள்வோம், பெருக்கினால் 840 வருகிறது, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அது ஸ்டார்ட்டிங் பேட்டரி. ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு உடனே டைனமோவில் நிரம்பிக்கொள்ளும்படி மெல்லிய பிளேட் போட்டுச் செய்தது. அதைத் தினமும் பாதிக்குமேல் இறக்கினால் சீசன் முடிவதற்குள் பிளேட் போய்விடும், அதைவிட முக்கியம், 3.30க்கு லாப்டாப்பை மூடிவிட்டுச் சாவி போட்டால் வண்டி இருமும். மலையில் தள்ளிவிட யார் வருவார்கள்?

அப்புறம் அந்த இன்வெர்ட்டர். 12 வோல்ட் டிசியை (பேட்டரி கரன்ட்) 230 வோல்ட் ஏசியாக (வீட்டுக் கரன்ட்) ஏற்றுகிறீர்கள், டிஷ்ஷின் அடாப்டர் அதை மறுபடியும் 30 வோல்ட் டிசியாக இறக்குகிறது. பண்ருட்டிக்குப் போகிற பலாப்பழத்தைச் சென்னைக்கு ஏற்றி இறக்கிக் கொண்டுவருவது மாதிரி. ஏற்றுக்கூலி இறக்குகூலி இரண்டும் பேட்டரி தலையில்தான். பவர் ஸ்டேஷனிலும் இதே கதைதான், ஏசி பட்டனை அழுத்தி வைத்தாலே, எதுவும் மாட்டாமல், பத்து வாட் பக்கம் சும்மா தின்றுகொண்டிருக்கும், ஒன்பது மணி நேரத்துக்கு அது 90 வாட்-அவர். டிஷ்ஷே 30 வாட்தான் என்னும்போது இது சில்லறை இல்லை.

மினி டிஷ்ஷின் அருமையே அது 12 முதல் 48 வோல்ட் வரை எந்த டிசியையும் நேரடியாக ஏற்றுக்கொள்ளும் என்பதுதான். பெரிய டிஷ் அப்படிக் கிடையாது, அது 75 முதல் 100 வாட் இழுக்கும், அதை வைத்துக்கொண்டு இந்தத் திட்டமே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். மினிக்கு யூஎஸ்பி-சி கேபிள் தனியாகக் கிடைக்கிறது, 100 வாட் அதாவது 20 வோல்ட் 5 ஆம்பியர் தருகிற போர்ட்டில் மாட்ட வேண்டும். உங்கள் லேப்டாப்பும் யூஎஸ்பி-சி என்றால் இரண்டும் ஏசி பட்டனைத் தொடாமலே ஓடும். பவர் ஸ்டேஷன் வாங்கும்போது 100 வாட் யூஎஸ்பி-சி போர்ட் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள், பாதி மாடல்களில் ஒன்று 100, இன்னொன்று 30 என்று வைத்து ஏமாற்றுவான்.


காரைக்கால் டு லியோன் எழுதியது:

தம்பி, நான் லியோனில் இருக்கிறேன், கோடையில் வீட்டுக்காரரோடு கேம்பிங் போகிறவள். பேட்டரி விஷயத்தில் அண்ணன் சொன்னதில் சேர்க்க ஒன்றுமில்லை, ஆனால் உங்கள் மாமாவின் சோலார் யோசனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. நீங்கள் 6.30க்கு உட்காருகிறீர்கள். ஜூலையில் தென் பிரான்ஸில் அப்போதுதான் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும், பள்ளத்தாக்கில் இருந்தால் அதுவும் இல்லை. கோடை நேரக் கடிகாரத்தில் இங்கே உச்சி வெயில் என்பதே இரண்டு மணிக்குச் சற்று முன்னால்தான். அதாவது பேனல் உச்சத்துக்கு வரும்போது உங்கள் ஷிப்ட் முடியப்போகிறது. பேனல் போட்டால் அதே நேரத்தில் டிஷ் ஓடும் என்று நினைக்காதீர்கள், விடியும்போது பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், பேனல் அடுத்த நாளுக்காகச் சம்பாதிக்கும். நல்லவேளையாக ஒன்பது மணிக்கு மேல்தான் இருட்டும், 200 வாட் பேனலை மரநிழல் படாமல் திருப்பித் திருப்பி வைத்தால் நாளுக்கு 700, 800 வாட்-அவர் கிடைக்கும். ஆனால் நீங்கள்தான் ஊர் சுற்றப் போகிறேன் என்கிறீர்களே, யார் திருப்புவது?

இன்னொரு சங்கடம். டிஷ்ஷுக்குத் திறந்த வானம் வேண்டும், வடக்குப் பக்கம் முக்கியமாக மறைப்பு இருக்கக் கூடாது. பேனலுக்கும் திறந்த வானம் வேண்டும், தெற்குப் பக்கம். உங்களுக்கு நிழல் வேண்டும், வெயிலில் லேப்டாப் திரை தெரியாது. செவெனில் செஸ்நட் காடு நிறைய. ஒரே இடத்தில் மூன்றும் அமையாது, டென்ட்டை மரத்தடியில் போட்டு டிஷ்ஷை வெட்டவெளிக்கு இழுக்க வேண்டியிருக்கும். ஸ்டார்லிங்க் ஆப்பில் மறைப்பு பார்க்கும் வசதி இருக்கிறது, டென்ட் அடிப்பதற்கு முன்பே போனை வானத்துக்குக் காட்டிப் பாருங்கள். ஒரு கிளை குறுக்கே இருந்தாலும் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது சில நொடி குரல் விழுங்கும், மேனேஜர் அப்போதுதான் கேள்வி கேட்பார்.

காட்டில் எங்கே வேண்டுமானாலும் டென்ட் போட முடியாது என்பதையும் மாமாவிடம் சொல்லுங்கள். உதாரணத்துக்கு மெர்காந்தூர் தேசியப் பூங்காவில் இரவு 7 முதல் காலை 9 வரைதான் அனுமதி, அதுவும் பூங்கா எல்லையிலிருந்தோ சாலையிலிருந்தோ ஒரு மணி நேரம் நடந்து போன பிறகு. ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒரு விதி. பகலில் டென்ட் ஆபீஸ் என்பது அங்கெல்லாம் நடக்காது. சிம்பிளான வழி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறையான கேம்பிங் தளத்தில் மின்சார இணைப்புள்ள இடம் எடுப்பது. 6 ஆம்பியரோ 10 ஆம்பியரோ கொடுப்பார்கள், 6 என்றாலே 1,300 வாட்டுக்கு மேல், உங்கள் பவர் ஸ்டேஷன் இரவுக்குள் நிரம்பிவிடும். நீல நிற மூன்று முள் பிளக் கேட்கும் இடங்கள் உண்டு, அதற்கான மாற்றுப் பிளக்கும் இருபது மீட்டருக்குக் குறையாத ஒயரும் வேனில் இருக்க வேண்டும், கம்பம் எப்போதும் தூரத்தில்தான் இருக்கும். இந்தியாவிலிருந்து வரும் பருமனான மூன்று முள் லேப்டாப் பிளக் இங்கே நுழையாது, அதற்கும் ஒன்று.


லாஸ்பேட்டைவாசி எழுதியது:

அக்கா, சூரியன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நம்ம ஊரில் ஆறரைக்கே பல் தேய்க்கும்போது வெயில் சுடும். சரி, பவர் ஸ்டேஷன் அங்கேயே வாங்கச் சொல்லிவிட்டேன். இப்போது ஒரு சந்தேகம். டிஷ்ஷோடு 15 மீட்டர் ஒயர் வருகிறது. அதன் ஒரு முனையில் கார் சாக்கெட் பிளக் வைத்துப் பவர் ஸ்டேஷனின் 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகினால், யூஎஸ்பி-சி போர்ட் இரண்டையும் லேப்டாப்புக்கும் போனுக்கும் விட்டுவிடலாம் இல்லையா? 12 முதல் 48 வரை எதையும் எடுக்கும் என்று அண்ணன் சொன்னாரே.


ஒயர்மேன்77 எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஒயர் என் துறை. டிஷ் எடுக்கும், ஆனால் டிஷ் வரைக்கும் 12 வோல்ட் போய்ச் சேர வேண்டுமே. 15 மீட்டர் என்றால் போக வர 30 மீட்டர் செம்பு. 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்று வைத்தால் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ். டிஷ் ஆன் ஆகும்போது 60 வாட் வரை கேட்கும், 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர், அரை ஓமில் 5 ஆம்பியர் ஓடினால் இரண்டரை வோல்ட் ஒயரிலேயே காலி. டிஷ் முனையில் ஒன்பதரைதான் இருக்கும். வோல்டேஜ் குறைந்ததும் அது அதே வாட்டுக்காக இன்னும் கூட ஆம்பியர் இழுக்கும், அதனால் இன்னும் குறையும், கடைசியில் அணைந்து மறுபடி ஆன் ஆகும், மறுபடி அணையும். பலரும் டிஷ் கெட்டுப்போய்விட்டது என்று புலம்புவது இதற்குத்தான்.

அதே ஒயரில் 30 வோல்ட் அனுப்பினால் 2 ஆம்பியர்தான், ஒரு வோல்ட்தான் விழும், 29 போய்ச் சேரும், டிஷ்ஷுக்கு அது தாராளம். அதனால் இரண்டு வழி. 12 வோல்ட்டிலேயே போவது என்றால் இரண்டு மூன்று மீட்டர் தடித்த ஒயரோடு நிறுத்துங்கள். தூரம் வேண்டும் என்றால் பவர் ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் வைத்து 24 அல்லது 30 ஆக்கி அங்கிருந்து நீள ஒயரை இழுங்கள். கன்வெர்ட்டர் 100 வாட்டாவது தாங்குவதாக இருக்கட்டும், பேட்டரி பக்கம் 10 ஆம்பியர் பியூஸ் ஒன்று. டிஷ் பக்கம் உருண்டைப் பின் இருக்கும், மினிக்கு என்றே வருவதை வாங்குங்கள், சிசிடிவி அடாப்டர் பின்னை அழுத்தி நுழைக்க வேண்டாம், மழை உள்ளே போகும்.

இன்வெர்ட்டர் பற்றி நான் சொன்னதை வேனில் இன்ஜின் ஓடும்போது என்று திருத்திக்கொள்கிறேன், ஹி ஹி. ஓட்டும்போது பவர் ஸ்டேஷனை அந்த சாக்கெட்டில் மாட்டினால் மணிக்கு 100 வாட்-அவர் போல ஏறும், மூன்று மணி நேரம் ஓட்டினால் 300 வாட்-அவர், டிஷ்ஷின் ஒரு நாள் பாடு அதிலேயே கழிந்துவிடும்.


சாமியார்பேட்டை சவுக்கு எழுதியது:

எல்லோரும் கரன்ட் பற்றியே பேசுகிறீர்கள், கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தம்பி, டிஷ்ஷை அக்கா வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை ஸ்டார்லிங்குக்கு உரிமம் கொடுத்தது உண்மை. உரிமம் கம்பெனிக்கு, உங்கள் பெட்டியில் வருகிற வெளிநாட்டு டிஷ்ஷுக்கு இல்லை. சாட்டிலைட் சாதனம் என்றால் நம்ம நாட்டில் விதி கடுமை, துரையா, இரிடியம் என்கிற சாட்டிலைட் போன் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டு வழக்கு வரை போயிருக்கிறார்கள், அவர்களில் பலருக்கு அது தடை என்றே தெரியாது. நாமோ கடற்கரை மாவட்டம், கடலோரக் காவல் நிலையம் பக்கத்தில் ஒருவன் சவுக்குத் தோப்பில் வெள்ளைத் தட்டை வானத்துக்குக் காட்டி உட்கார்ந்திருந்தால் டீ வாங்கிக் கொடுத்து விசாரிப்பார்கள், டீ மட்டும் இருந்தால் சரி.

மழைக்காலத்துக்கு வேறு வழி இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்தச் சமயம் எங்கள் பக்கம் நெட் போனதற்குப் பாதிக் காரணம் கரன்ட்தான். ஃபைபர் ஒயரில் கரன்ட் தேவையில்லை, இரண்டு முனையில்தான் தேவை. நம் வீட்டு முனையில் இருக்கும் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்தான், பத்துப் பதினைந்து வாட்டுக்குள் ஓடும். அதற்கென்று சின்ன டிசி யூபிஎஸ் விற்கிறார்கள், அது இரண்டு மூன்று மணி நேரம் வரும், சோலார் தெருவிளக்குக்குப் போடும் 12.8 வோல்ட் 30 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்று இருந்தால் ஒரு நாளைத் தாண்டும். எதிர் முனையில் கேபிள்காரர் ஜெனரேட்டர் போட்டிருக்கிறாரா என்பது அவரவர் தலையெழுத்து. அதனால் 4ஜி ராவுட்டர் ஒன்றில் வேறு கம்பெனி சிம் போட்டு வைத்திருப்பேன், அதுவும் 12 வோல்ட். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கடலூர்க் கிராமங்களில் கம்பங்களே இல்லை, அந்த மாதிரி வந்தால் டவரும் படுத்துவிடும், அப்போது வீட்டில் டிஷ் இருந்தாலும் நீங்கள் ஓட்டை அடைத்துக்கொண்டிருப்பீர்களே தவிர லாகின் பண்ண மாட்டீர்கள்.


பாதிரிக்குப்பம் பேட்டரி எழுதியது:

தெருவிளக்குப் பேட்டரி என்றதும் ஞாபகம் வந்தது. தம்பி, பிரான்ஸ் போய்த்தான் பரிசோதிக்க வேண்டும் என்று இல்லை. டிஷ் கையில் இல்லாவிட்டால் என்ன, அதே அளவு கரன்ட் தின்கிற ஒன்றை மாட்டிப் பார்க்கலாம். பைக் ஹெட்லைட்டில் வரும் எச்எஸ்1 ஹாலோஜன் பல்ப் 12 வோல்ட் 35 வாட், எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். ஒரு பிலமென்ட்டை மட்டும் இணைத்துப் பேட்டரியில் விட்டால் அது மினி டிஷ்ஷுக்குக் கிட்டத்தட்ட சமம். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், எரியும்போது சுடும், தரையில் ஓடு ஒன்று போட்டு அதன் மேல் வையுங்கள், திரைச்சீலை பக்கம் வேண்டாம். கூடவே லேப்டாப்பைக் கார் சார்ஜரில் போட்டு ஒரு முழு ஷிப்ட் வேலை பாருங்கள். 20 மீட்டர் ஒயரில் பல்ப் எப்படி மங்குகிறது என்று பார்த்தால் ஒயர்மேன் சொன்னது கண்ணுக்கே தெரியும். பேட்டரி என் கடையில் 12.8 வோல்ட் 30 ஆம்பியர்-அவர் ஒன்று சும்மா கிடக்கிறது, கடலூர் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.


லாஸ்பேட்டைவாசி எழுதியது:

அண்ணே, பேட்டரி வாங்கி வந்து போட்டுப் பார்த்துவிட்டேன். பல்ப் மட்டும் எரியவிட்டால் பத்து மணி நேரத்துக்குக் கிட்ட வந்தது, 384 வாட்-அவரை 35ஆல் வகுத்தால் வருவதற்குக் கொஞ்சம் குறைவு. லேப்டாப்பும் சேர்ந்ததும் ஷிப்ட் பாதியிலேயே பேட்டரி தானாகவே கட் ஆனது. நீள ஒயர் போட்டதும் பல்ப் மஞ்சளாகிவிட்டது, அம்மா வந்து என்னடா அகல் விளக்கா ஏற்றுகிறாய் என்றார்கள். பூஸ்ட் கன்வெர்ட்டர் ஆர்டர் போட்டாச்சு. டிஷ் அக்கா வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு கேள்வி மட்டும் பாக்கி, பிரனீஸில் உயரமான இடத்தில் காலையில் குளிர் அதிகமாக இருக்குமாம், இந்த லித்தியம் பேட்டரிக்கு அது ஒத்துக்கொள்ளுமா?


பாதிரிக்குப்பம் பேட்டரி எழுதியது:

கரன்ட் எடுக்கலாம், கொஞ்சம் குறைவாகத் தரும், அவ்வளவுதான். சார்ஜ் ஏற்றுவதுதான் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே கூடாது, உள்ளே செல் நிரந்தரமாகக் கெடும், நல்ல பவர் ஸ்டேஷன் என்றால் அதுவே ஏற்ற மறுக்கும். ஜூலையில் அந்த அளவுக்குப் போகாது, போனாலும் இரவில் வேனுக்குள் வையுங்கள். டிஷ்ஷை வெளியே விடலாம், அது மைனஸ் 30 வரை தாங்கும். இரவில் ஆப்பில் தூக்க நேரம் ஒன்று வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தூங்கும்போது அது நூறு வாட்-அவருக்கு மேல் குடித்திருக்கும். அப்புறம் என் கடையில் எடுத்துப்போன பேட்டரியைத் திருப்பிக் கொண்டுவரும்போது பாதி சார்ஜில் கொண்டுவாருங்கள், காலியாக அலமாரியில் வைத்தால் கெட்டுப்போகும்.